‘விரைவில்’னா எத்தனை நாளுங்க?

ராசிபுரத்தில் பஸ் ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டேன்: “நாமகிரிப்பேட்டைக்கு எவ்வளவு நேரமாகும்?”

“இதா, போயிரலாமுங்க!”

இறங்கி, மஞ்சள் ஏலம் எங்கே என்று விசாரித்தேன். “இப்படியே கொஞ்ச தூரம் போங்க.” அவருக்குக் கொஞ்ச தூரம், என் செருப்புக்கு அது ஆயுள் பரீட்சை.

நாகஸ்வர மேதை கிருஷ்ணன் (1924 - 2001) பெயரோடு ஒட்டிக்கொண்ட ஊர் இது. செவ்வாய்க்கிழமை என்றால் மஞ்சள் ஏலம். உள்ளே நுழைந்ததும் ஓர் ஆச்சரியம். மழுப்பல் பேச்சுக்கே இடமில்லை! ‘நல்ல மஞ்சள்’ என்று சொன்னால் இங்கே போணியாகாது. விரலியா, உருண்டையா, பனங்காளியா? வியாபாரி ஒரு விரலியைப் படக்கென்று ஒடிக்கிறார், உள்நிறம் பார்க்கிறார், குவிண்டாலுக்கு இவ்வளவு என்கிறார். அவ்வளவுதான்.

சுமார் 2,300 வருஷத்துக்கு முன்னால் யூபுலிடஸ் என்ற கிரேக்கர் ஒரு புதிர் போட்டாராம். ஒரு தானியமணி குவியலாகாது. இன்னொன்று சேர்த்தாலும் ஆகாது. அப்படியானால் எத்தனையாவது மணியில் குவியலாகிறது? தத்துவப் பேராசிரியர்கள் இன்னும் மண்டையைச் சொறிகிறார்கள். இங்கே தராசில் ஏற்றிவிடுகிறார்கள். கேஸ் க்ளோஸ்!

மூட்டையில் சாய்ந்திருந்த பெரியவர் ஒருவர் கூப்பிட்டார். “தம்பி ஆபீஸ் உத்தியோகமா? இதப் படிச்சுச் சொல்லுங்க.”

நாலாக மடித்த கடிதம். நிலத்தை அளந்து தரச் சொல்லி அவர் கொடுத்த மனுவுக்குப் பதில். ‘தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது. விரைவில் தக்க நடவடிக்கை எடுக்கப்படும்.’ தேதியைப் பார்த்தேன். இரண்டு வருஷம் தாண்டியிருந்தது.

“விரைவில்னா எத்தனை நாளுங்க?”

வாயடைத்துப் போனேன். அதே வரியை எங்கள் ஆபீசில் நானே எத்தனை முறை எழுதியிருக்கிறேன்! தேதி போட்டால் மாட்டிக்கொள்வோம். ‘விரைவில்’ யாரையும் மாட்டிவிடாது, காத்திருக்கிறவரைத் தவிர.

கண்டக்டரின் ‘இதா’வால் எனக்குப் போனது பத்து நிமிஷம். அதில் ஒரு பிரியமும் இருந்தது. இந்த ‘விரைவில்’ ஒரு மனுஷனின் இரண்டு வருஷத்தை அல்லவா விழுங்கிவிட்டது?

மறுநாள் ஆபீசில் முதல் ஃபைல். பழக்கதோஷம், ‘விரைவில்’ என்று பேனா ஓடிவிட்டது. அடித்துவிட்டு, ‘15-ம் தேதிக்குள்’ என்று எழுதினேன்.

“எதுக்குய்யா வம்பு?” என்றார் சூப்பிரண்டெண்ட்.

கை கொஞ்சம் நடுங்கியது. எவ்வளவு கொஞ்சம் என்று மட்டும் கேட்காதீர்கள்!