பக்கத்து அறையில் பன்றிப் பண்ணைக்காரர்



ஐந்தோவனிலிருந்து எழுதுகிறேன். நெதர்லாந்தின் தெற்கே, வட பிராபான்ட் மாகாணத்தில் இருக்கிறது இந்த ஊர். இங்கே யாரை மருத்துவமனையில் சேர்த்தாலும் இரண்டு கேள்விகள் தவறாமல் வரும். அண்மையில் வெளிநாட்டு மருத்துவமனையில் தங்கினீர்களா? பன்றி, கன்று, கறிக்கோழி வளர்க்கும் பண்ணையில் வேலை செய்கிறீர்களா?

நண்பர் ஒருவரின் அம்மா திருச்சியிலிருந்து வந்திருந்தார். கிளம்புவதற்குச் சில வாரம் முன்புதான் அங்கே பித்தப்பைக் கல்லுக்கு அறுவை சிகிச்சை நடந்திருந்தது. வந்த இடத்தில் மூச்சுத்திணறல். மருத்துவமனையில் முதல் கேள்விக்கு மகன் ‘ஆமாம்’ என்றதும் அம்மாவைத் தனியறையில் வைத்துவிட்டார்கள். உள்ளே வரும் நர்சுகள் முகக்கவசமும் கையுறையும் மேலங்கியுமாக வந்தார்கள். போகும்போது அத்தனையையும் கழற்றிப் போட்டுவிட்டுக் கைகழுவினார்கள். மூக்கு, தொண்டை, ஆசனவாய் மூன்றிலும் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்தார்கள். “என்னை ஏன்டா தீட்டு மாதிரி ஒதுக்கி வச்சிருக்காங்க?” என்று அம்மா மகனிடம் கேட்டார். மகன் கொதித்துப்போனார். இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்றால் அழுக்கா என்பது அவர் கேள்வி.

அடுத்த அறைக் கதவிலும் அதே எச்சரிக்கைத் தாள் ஒட்டியிருந்தது. உள்ளே இருந்தவர் இந்த மாகாணத்திலேயே பிறந்து வளர்ந்த பன்றிப் பண்ணைக்காரர். காப்பி இயந்திரத்தருகே நின்ற அவர் மனைவிதான் சொன்னார்: “பண்ணைக்காரர்கள் எங்களுக்கு எப்போதும் இப்படித்தான், பழகிவிட்டது.”

அந்தப் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. வழக்கமான மருந்துகளுக்கு மசியாத எம்ஆர்எஸ்ஏ என்னும் கிருமியை நெதர்லாந்து பல ஆண்டுகளாகவே தேடிப்பிடித்து ஒழித்துவருகிறது. ஒரு நர்சின் மூக்கில் அது இருந்தால், நீங்கும்வரை அவர் வார்டுக்கு வரக்கூடாது. வார்டில் பரவினால் வார்டையே மூடுவார்கள். 2004இல் நைமேகன் நகரில் அறுவைக்கு வந்த ஒரு கைக்குழந்தையிடம் இந்தக் கிருமி தென்பட்டது. பெற்றோருக்கும் இருந்தது. வெளிநாட்டு மருத்துவமனைப் பக்கமே போகாத குடும்பம். எத்தனை முறை மருந்து கொடுத்து நீக்கினாலும் திரும்பத் திரும்ப வந்தது. கடைசியில் அவர்கள் வளர்த்த பன்றிகளைச் சோதித்தபோது விஷயம் பிடிபட்டது. பண்ணைகளில் கொட்டிய ஆன்டிபயாடிக் அங்கேயே ஒரு புது வகையை வளர்த்துவிட்டிருந்தது.

அரசு இதை மூடி மறைக்கவில்லை. எந்தப் பண்ணை எவ்வளவு மருந்து வாங்குகிறது, எந்தக் கால்நடை மருத்துவர் எழுதித் தருகிறார் என்பதெல்லாம் பதிவேட்டுக்கு வந்தன. அளவு மீறியவர்கள் பதில் சொல்ல வேண்டியிருந்தது. 2009இல் கால்நடைகளுக்கு விற்ற ஆன்டிபயாடிக் 2012க்குள் ஏறத்தாழ பாதியாகிவிட்டது. பன்றி இறைச்சியைப் பெருமளவில் ஏற்றுமதி செய்யும் நாடு இதைச் செய்தது என்பதுதான் என்னை வியக்கவைக்கிறது.

இவர்களிடமும் பெருந்தவறு நடந்திருக்கிறது. ரோட்டர்டாமின் ஒரு பெரிய மருத்துவமனையில் 2010, 2011இல் மருந்துக்கு அடங்காத கிளெப்சியெல்லா என்னும் கிருமி நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் பரவியது. நிர்வாகத் தலைவர் பதவி விலகினார். விசாரணைக் குழுவின் அறிக்கையை ஊரே படித்தது.

அம்மாவின் சோதனை முடிவு வந்தது. மூக்கில் ஒன்றும் இல்லை. குடலில் இருந்தது, மெரோபெனம் என்னும் வீரியமான ஆன்டிபயாடிக்குக்கும் அடங்காத ஒரு கிருமி. அவருக்கு அதனால் எந்த நோயும் இல்லை. அப்படிக் குடலில் சும்மா கிடப்பது, சிறுநீர்க் குழாய் வழியாகவோ கை வழியாகவோ பக்கத்துப் படுக்கையில் இருக்கும் புற்றுநோயாளியைப் போய்ச் சேர்ந்தால் கொன்றுவிடும். ஐசியு பில் பார்த்த குடும்பங்களுக்கு மெரோபெனம் என்ற பெயர் தெரிந்திருக்கும். அது கேட்காதபோது கொலிஸ்டின் கொடுப்பார்கள். சிறுநீரகத்தைப் பதம்பார்க்கும் பழைய மருந்து. அதையும் கோழித் தீவனத்தில் கலந்துவந்தோம். 2019இல்தான் இந்தியா தடைசெய்தது.

மெரோபெனத்தை வெல்லும் என்டிஎம்-1 மரபணு 2008இல் சுவீடனில், டெல்லியில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஓர் இந்திய வம்சாவளி நோயாளியிடம் அடையாளம் காணப்பட்டது. ‘என்டி’ என்று புதுடெல்லியின் பெயரை அதில் வைத்ததும் நம் நாட்டில் பெருங்கோபம் எழுந்தது. ஒரு நகரத்தின் மேல் நோயின் பழியை ஏற்றுவது முறையல்ல என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அது எவ்வளவு பரவியிருக்கிறது என்று 2010இல் லான்செட் குழும மருத்துவ இதழில் வந்த ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. நம் பிள்ளை கண்டு சொன்னதைத்தான் நாம் வெளிநாட்டுச் சதி என்று பேசினோம். இரண்டு ஆண்டு கழித்து, 2012இல், மருத்துவர் அப்துல் கஃபூர் முன்னெடுக்க, சென்னையில் கூடிய மருத்துவச் சங்கங்கள் ஆன்டிபயாடிக் பயன்பாட்டுக்கு வரைமுறை கேட்டு ‘சென்னைப் பிரகடனம்’ வெளியிட்டன. 2014 முதல் எச்1 அட்டவணை நடைமுறைக்கு வந்தது. அதிலுள்ள மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது, வாங்கியவர் பெயரைக் கடைக்காரர் எழுதி வைக்க வேண்டும். உங்கள் தெரு மருந்துக்கடையில் அந்தப் பதிவேட்டைப் பார்த்திருக்கிறீர்களா?

நெதர்லாந்தில் ரத்தத்தில் பிடிபடும் ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமிகளில் எம்ஆர்எஸ்ஏ நூற்றுக்கு ஒன்றிரண்டுதான். இந்தியப் பெரிய மருத்துவமனைகளிலிருந்து இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) திரட்டும் கணக்கில் அந்தக் கிருமியில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல். இந்த இடைவெளிக்குப் பணம் ஒரு காரணம். ஒரு நர்சின் தலையில் எத்தனை நோயாளிகள் என்பது இன்னொன்று. ஆனால் கேட்பதற்குப் பணம் வேண்டாம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். சளிக்கும் இருமலுக்கும் ‘பவர் கூடின மாத்திரை’ எழுதச் சொல்லி மருத்துவரை வற்புறுத்தாதீர்கள். உறவினரைச் சேர்த்திருந்தால், தொட்டுத் தூக்கும் ஒவ்வொரு முறையும் கைகழுவுங்கள். சிறுநீர்க் குழாயும் கையிலிருக்கும் ஊசியும் இன்னும் தேவையா என்று தினமும் கேளுங்கள். முன்பு எங்கே சிகிச்சை எடுத்தோம் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். பெரிய அறுவைக்கு முன்பணம் கட்டும்போது, போன ஆண்டு உங்கள் மருத்துவமனையில் எத்தனை பேருக்கு அறுவைக் காயத்தில் சீழ் பிடித்தது என்று கேளுங்கள். எண் சொல்லும் மருத்துவமனையை நம்புங்கள். எண்ணே வைத்திருக்கவில்லை என்றால் அங்கே படுக்காதீர்கள்.