துடிக்கிற கட்டி

சித்தி மகனுக்கு இடது தொடை இடுக்கில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு கட்டி. சூட்டுக்கட்டி என்று சித்தி மஞ்சள் அரைத்துப் போட்டிருந்தாள். ஒரு கிளினிக்கில் கீறிச் சீழை எடுத்துவிடலாம் என்று கத்தி வரைக்கும் போய்விட்டார்கள். நர்ஸ் அக்காதான் கையை வைத்துப் பார்த்து, "சார், இது துடிக்குல்லா" என்றாள். கீறியிருந்தால் அந்த மேஜையிலேயே ரத்தம் கொட்டிச் செத்திருப்பான்.

ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். சொந்தக்காரர்களிடம் பைக் ஆக்சிடென்ட் என்று சொல்லியாயிற்று.

டேபென்டடால் வலி மாத்திரை. விழுங்குவதற்காகச் செய்தது. அதைப் பொடித்து, தண்ணீரில் கரைத்து, ஊசியில் ஏற்றுகிறார்கள். மாத்திரையில் இருக்கும் டால்க் கரையாது. கை நரம்பெல்லாம் கெட்டுப்போனதும் தொடை இடுக்குக்கு வருவார்கள். (எங்கள் ஊரில் சிரை, தமனி, நரம்பு மூன்றுமே நரம்புதான். நானும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன்.) அங்கே சிரைக்குப் பக்கத்திலேயே தமனி. ஊசி தப்பினால் தமனிச் சுவரில் கிருமி ஏறும், சுவர் அழுகும், கசிகிற ரத்தம் சதைக்குள் பையாகக் கட்டி நின்று துடிக்கும்.

சீழ் உள்ள இடத்தில் செயற்கைக் குழாய் வைத்தால் அதிலும் கிருமி ஏறி மறுபடி வெடிக்கலாம். அவன் காலிலிருந்தே சிரை எடுத்து ஒட்டலாமென்றால், அதெல்லாம் அடைத்துக் கிடந்தது. அழுகியதை வெட்டி எடுத்துவிட்டு, பெரிய தமனியையும் அதன் இரண்டு கிளைகளையும் கட்டிவிடப் போவதாக சர்ஜன் சொன்னார்.

"அப்போ காலுக்கு ரத்தம்?"

"எந்த ஊரு நீங்க?"

"சேரன்மகாதேவி பக்கம் சார்."

"கன்னடியன் கால்வாயை அடச்சா வயல் அன்னைக்கே காஞ்சிருமா? ஊத்து, கசிவுன்னு வரும்லா. சின்னச் சின்னக் குழாய் இருக்கு. முக்காவாசிப் பேருக்குக் கால் தப்பிச்சிரும்."

சித்திக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. எனக்குக் கடைமடை ஞாபகம் வந்தது. முதலில் காய்வது அதுதான். பாதம்.

காலை எடுக்க வேண்டி வரலாம் என்ற வரிக்குக் கீழே சித்தி கையெழுத்துப் போட்டாள். நான் வெளியே வந்து போனைத் திறந்தேன். ஒரு வருஷத்தில் பதினொரு தடவை அவனுக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன். எல்லாம் "பெட்ரோலுக்கு". சித்தியிடம் சொல்லவில்லை, இன்று வரைக்கும்.

கால் தப்பியது. மணிக்கொரு தடவை பாதத்தில் டாப்ளர் வைத்து அந்த 'ஷ்... ஷ்...' சத்தத்தைத் தேடுவார்கள். அது கேட்காத சில விநாடிகளில் சித்தி மூச்சே விடமாட்டாள். இரண்டாம் நாள் அவன் நடுங்கி, வியர்த்து, கத்தினான். நடிக்கிறான் என்றார் பக்கத்துப் பெட்காரர். மாத்திரை நின்றதால் வருகிற நடுக்கம் அது. சர்ஜன் பட்டென்று சொன்னார்: "இதுக்கு மருந்து எடுக்கலைன்னா, வலது தொடை இன்னும் மிச்சம் இருக்கு." நாக்குக்கடியில் வைக்கிற புப்ரினார்ஃபின் மாத்திரை, எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இலவசமாகத் தருவது. எச்ஐவி, ஹெபடைடிஸ் சி டெஸ்டுகளும் எழுதிக் கொடுத்தார்.

மூன்று மாதம் கழித்து ஊருக்குப் போனேன். பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் கெண்டைக்கால் பிடித்து இரண்டு இடத்தில் நின்றான். இரண்டாவது தடவை, கரண்ட் கம்பத்தில் சாய்ந்தபடி, "அண்ணே, ஒரு இருநூறு ரூவா அனுப்பேன். பெட்ரோலுக்கு" என்றான்.

நான் அவன் முழங்கையைப் பார்த்தேன். முழுக்கைச் சட்டை போட்டிருந்தான்.