இடம்பெயரும் ஏடுகள்

மேகம் என்னும் சொல் வானத்தை விட்டு வணிகத்திற்குள் இறங்கி வந்துவிட்டது. கணினி வலைப்பின்னலைப் படமாக வரைவோர், அதனுள் நிகழ்வதையெல்லாம் விரித்துக் காட்ட வேண்டாத இடத்தில் ஒரு மேகத்தை வரைந்து விடுவர். அவ்வழக்கே பின்னர்ப் பெயராயிற்று. அழகிய பெயர்தான், ஆயினும் சற்று ஏமாற்றும் பெயர். சிங்கப்பூரில் அம்மேகம் லோயாங்கிலும் ஜூரோங்கிலும் தாய் செங்கிலும் சுவர் எழுப்பிய கட்டடங்களுக்குள் நிற்கிறது. 2020ஆம் ஆண்டில் இத்தீவின் மின்சாரத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ ஏழு பங்கைத் தரவு நிலையங்களே உண்டன.

2018ஆம் ஆண்டில், மறைவு குறைந்த தன் கணினி முறைகளுள் பெரும்பாலானவற்றை ஐந்தாண்டுகளில் வணிக மேகத்திற்கு மாற்றப் போவதாகச் சிங்கப்பூர் அரசு அறிவித்தது. அதற்கு முந்திய ஆண்டிலேயே சிறு வணிகர்களை மின்னிலக்க வழியில் செலுத்தும் திட்டம் ஒன்றும் தொடங்கப்பட்டிருந்தது. அரசுக்கு ஆளுண்டு, பொருளுண்டு. சிராங்கூன் சாலையின் கிளைத் தெரு ஒன்றில் திருமண அழைப்பிதழும் கோயில் விழா அறிக்கையும் பள்ளி ஆண்டு மலரும் அச்சிடும் சிறு நிறுவனம் இம்மாற்றத்திற்கு எவ்வாறு ஆயத்தமாவது?

குடிபெயர்வோர் முதலில் வண்டியை அழைப்பதில்லை; வீட்டிலுள்ள பொருளை எண்ணுகின்றனர். அச்சகத்திலும் அதுவே முதல் வேலை. கணக்கு எழுதும் கணினி எது, வடிவமைக்கும் கணினி எது, மேசைக்கு அடியில் தூசி படிந்து கிடக்கும் வன்தட்டில் இருப்பது யாது, அதன் கடவுச்சொல்லை அறிந்தவர் இன்னும் பணியில் இருக்கிறாரா என்பனவெல்லாம் எழுதி வைக்கப்பட வேண்டும். எது எதனைச் சார்ந்து நிற்கிறது என்பதும் குறிக்கப்பட வேண்டும். விலைப்பட்டியல் எழுதும் மென்பொருள் வாடிக்கையாளர் முகவரியை வேறொரு கோப்பிலிருந்து எடுக்குமாயின், ஒன்றை மட்டும் பெயர்த்தால் மற்றது ஊமையாகிவிடும்.

எடுத்துச் செல்லக் கூடாதனவும் உண்டு. சட்டம் கேட்கும் இடங்கள் போன்ற சிலவற்றைத் தவிர ஏனைய இடங்களில் அடையாள அட்டை எண்ணை நிறுவனங்கள் திரட்டுதல் கூடாது என்னும் கட்டுப்பாடு, 2019ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாளன்று நடப்புக்கு வந்தது. பழைய கோப்புகளில் உறங்கும் அட்டைப் படிகளைப் புதிய இடத்திற்கும் சுமந்து செல்வது பழைய பிழையைப் புதுப்பிப்பதாகும்.

தமிழ் அச்சகத்திற்கோ இவற்றினும் பெரிய இடர் ஒன்று காத்திருக்கிறது. அதனைக் கணினி விற்பவர் சொல்லமாட்டார். அவருக்கு அது தெரியவும் தெரியாது. தொண்ணூறுகளில் தமிழைத் தட்டெழுதியவர்கள் ஆளுக்கோர் எழுத்துருவைக் கையாண்டனர். ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களிலேயே தமிழ் வடிவங்களைப் பொருத்தி வைத்த எழுத்துருக்கள் அவற்றுள் பல. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அதே கோப்பைத் திறந்தால், அழைப்பிதழ் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றும். கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே பல எழுத்துருக்கள் எழுத்தைச் சேமித்தன. ‘கொடி’ என்னும் சொல்லில் முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு ககரம், அதன்பின் கால் என்று வைக்கப்பட்டிருக்கும். ஒருங்குறியிலோ ககரம் முதலில் நிற்க, ஒகரக் குறி பின்தொடரும். எனவே பழைய கோப்பில் ‘கொடி’யைத் தேடினால் கிடைக்காது.

இக்குழப்பத்தைத் தீர்க்க முயன்ற முன்னோடிகளுள் ஒருவர் இவ்வூரிலேயே வாழ்ந்தார். எழுத்தாளரும் தேசிய கல்விக் கழக ஆசிரியருமான நா. கோவிந்தசாமி, ‘கணியன்’ வழியாகத் தமிழை இணையத்தில் ஏற்ற உழைத்தவர். 1997ஆம் ஆண்டில் முதல் தமிழ் இணைய மாநாடு சிங்கப்பூரில் கூடியது. 1991ஆம் ஆண்டிலேயே ஒருங்குறியில் தமிழ் இடம்பெற்றிருந்தும், அச்சகங்கள் நெடுங்காலம் பழைய எழுத்துருக்களையே பற்றி நின்றன.

மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன. ஒவ்வோர் எழுத்துருவுக்கும் தனி அட்டவணை வேண்டும் என்பது ஒருபுறமிருக்க, தமிழுக்கு நடுவே ஆங்கிலத்தில் கிடக்கும் முகவரியையும் கருவி தமிழென்று எண்ணி உளறலாக்கிவிடும். தமிழறிந்த ஒருவர் அமர்ந்து மெய்ப்புப் பார்த்தே தீர வேண்டும். பள்ளியில் தமிழ் பயின்ற இளைஞருக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடைப்பது அரிது!

மாற்றிய பின்னும் அகர வரிசை கெடக்கூடும். ஒருங்குறி எண்களை மட்டும் நோக்கி அடுக்கும் மென்பொருள் னகரத்தை நகரத்திற்கும் பகரத்திற்கும் நடுவே வைக்கும். ரகரத்தை அடுத்து றகரத்தை நிறுத்தும். சகரத்திற்கும் ஞகரத்திற்கும் இடையே ஜகரம் புகும். தமிழ் வரிசைக்குரிய அமைப்பைத் தேர்ந்தால் இது சீராகும். தேர்வதற்கு அப்படி ஓர் அமைப்பு இருப்பதை அறிந்திருக்க வேண்டும், அவ்வளவே.

பெயர்க்கும் நாளையும் ஆய்ந்து குறிக்க வேண்டும். ஒரு டெராபைட் கோப்புகளை நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் ஏற்றினாலும் இடைவிடாமல் ஏறத்தாழ 22 மணி நேரம் செல்லும். தீபாவளிக்கு முந்திய வாரத்தில் இதனைத் தொடங்கும் அச்சகத்தார் எவரும் இரார்.

சென்று சேர்ந்த இடம் அழியாதது என்று நம்பியிருத்தலும் தகாது. 2023ஆம் ஆண்டு அக்டோபரில் தரவு நிலையம் ஒன்றின் குளிரூட்டும் அமைப்பு பழுதுற, இரண்டு வங்கிகளின் சேவை தடைப்பட்டது; ஏறத்தாழ 25 இலட்சம் பணப் பரிமாற்றங்கள் நிறைவேறாது போயின. 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் லோயாங்கில் உள்ள நிலையம் ஒன்றில் மின்கலங்கள் தீப்பற்றின. ஆதலால் வேறோரிடத்தில் இன்னொரு படி வேண்டும். அப்படியிலிருந்து ஒரு பழைய ஆண்டு மலரை மீட்டெடுத்து, அச்சிட்டு, எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்கவும் வேண்டும். அதுவரை பழைய கணினி ஓடிக்கொண்டே இருக்கட்டும். பின்னர் அதனைக் கழிப்பவரிடம் கொடுக்குமுன், வன்தட்டைக் கழற்றி எடுத்து, அதிலுள்ள வாடிக்கையாளர் விவரங்களை மீட்க இயலாதவாறு அழித்துவிட வேண்டும்.