ஐம்பத்தொரு வெள்ளி

ஸ்டான்ஸ்டட் விமான நிலையக் குடிநுழைவு முகப்பில் இருந்த அதிகாரி, எதற்காக லண்டனுக்கு வந்திருக்கிறீர்கள் என்று அம்மாவைக் கேட்டார். நான் தமிழில் சொல்வதற்குள் அம்மாவுக்குக் கேள்வி புரிந்துவிட்டது. "கல்யாணத்துக்கு" என்றார். அதை ஆங்கிலத்தில் சொன்னேன். யாருடைய கல்யாணம், உறவினரா என்பது அடுத்த கேள்வி.

"டயானா மகன் கல்யாணம்னு சொல்லு தம்பி."

அதிகாரி சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார். எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. 2011 ஏப்ரல் 26, செவ்வாய்க்கிழமை. அம்மா, அண்ணன், அண்ணி, நான் என நால்வர். அப்பா வரவில்லை. ஆட்டை யார் பார்ப்பது என்று கேட்டுவிட்டு வீட்டிலேயே இருந்துகொண்டார். தங்கச்சி லண்டன் மருத்துவமனை ஒன்றில் தாதியாக இருந்தாள். ஈஸ்ட்ஹாமில் வாடகைக்கு எடுத்திருந்த அறையில் எல்லாரும் படுத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தாள். டிக்கெட் பணத்தில் பாதி அவளுடையது. மீதி அம்மா பிடித்த கூட்டு.

அந்தப் பயணத்தை நான் மனதார விரும்பவில்லை. அப்போது எனக்கு 26 வயது. தோட்ட வரலாறு பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்துக்கொண்டிருந்த காலம். எங்கள் தாத்தா சயாம் மரண ரயில் பாதைக்குப் போய் உயிரோடு திரும்பியவர். ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைகள் காடியில் ஏறி சிங்கப்பூர் பக்கம் போனதையும், லயத்து ஆட்களுக்குப் போக இடமில்லாததையும் அவர் வாயால் கேட்டு வளர்ந்தவன் நான். "அவங்க வீட்டுக் கல்யாணத்த நாம காசு செலவு பண்ணிப் போய் ரோட்டுல நின்னு பாக்கணுமா?" என்று சிரம்பானில் வைத்தே சண்டை போட்டேன்.

அம்மா பதில் சொல்லவில்லை. மூன்று நாள் கழித்து, துணி மடித்துக்கொண்டிருந்தபோது, "நீ வரலன்னா இரு. நாங்க போய்ட்டு வர்றோம்" என்றார். ஆங்கிலம் பேச ஆள் வேண்டுமே என்று அண்ணன் கெஞ்சியதால்தான் போனேன்.

அம்மாவும் டயானாவும் ஒரே வருடம், 1961இல் பிறந்தவர்கள். இது எங்கள் வீட்டில் அடிக்கடி பேசப்படும் செய்தி. ரந்தாவுக்கும் சிலியாவுக்கும் நடுவில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் அம்மா பதினாறு வயதில் பேர் பதிந்து பால்மரம் வெட்டப் போனார். விடிவதற்கு முன் பெரட்டு, பிறகு தீம்பார், மத்தியானம் பால் ஸ்டோர் என்று நாள் ஓடும். 1981 ஜூலை 29ஆம் தேதி சார்ல்ஸ்–டயானா கல்யாணம் நடந்தபோது தோட்டத்தில் கலர் தொலைக்காட்சி இருந்தது ஒரு வீட்டில்தான். கிராணி வீடு. லண்டனில் காலை பதினொன்றே கால் தாண்டியபோது இங்கே மாலை ஆறு மணிக்குச் சற்று முன்பு. தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அப்போது இப்போதைவிட அரை மணி நேரம் பின்னால் ஓடியது. 1982 பிறந்தபோதுதான் அதைத் திருத்தினார்கள்.

வேலை முடிந்து குளித்துவிட்டு லயத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் கிராணி வீட்டுக்குப் போனார்கள். உள்ளே கூப்பிடவில்லை. சன்னலுக்கு வெளியே நின்றார்கள். டயானாவின் உடையில் இருபத்தைந்து அடி நீளத்துக்குப் பின்தொங்கல் இருந்தது. அம்மா அதை முந்தானை என்றுதான் சொல்வார். "முந்தானை படியேறி முடியல. அதுக்குள்ள கொசு வருதுன்னு சன்னல சாத்திட்டாங்க." அதன் பிறகு பாதிரியார் என்ன சொன்னார், மோதிரம் எப்படிப் போட்டார்கள் என்பதெல்லாம் அம்மாவுக்குத் தெரியாது. சத்தம் மட்டும் கேட்டதாம்.

அதிலிருந்து நாற்பதாவது நாள், செப்டம்பர் 7ஆம் தேதி, லண்டன் பங்குச் சந்தை திறந்த சில மணி நேரத்திலேயே கத்ரி கம்பெனியின் பெரும்பான்மைப் பங்குகளை மலேசிய அரசின் முதலீட்டு நிறுவனம் வாங்கி முடித்தது. வெள்ளைக்காரன் கையிலிருந்த இரண்டு லட்சம் ஏக்கர் அளவு தோட்டங்கள் ஒரே காலையில் நாட்டுக்குத் திரும்பின என்று வரலாறு சொல்கிறது. எங்கள் அம்மாவுக்கு அந்த வாரம் வேறு காரணத்துக்காக நினைவிருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் தோட்டத்து மாரியம்மன் கோவிலில் அவருக்குக் கல்யாணம். திங்கள் ஒரு நாள் லீவு. செவ்வாய்க்கிழமை பெரட்டில் நின்றார். மறுவருடம் அண்ணன் பிறந்தான். வில்லியம் பிறந்ததும் அதே 1982.

தோட்டம் பிறகு கைமாறியது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. கடைசியில் வீட்டு மனைகள் வந்தன. எங்களை லயத்திலிருந்து எழுப்பியபோது கொடுத்த பணத்தில் சிரம்பானில் ஒரு மலிவு அடுக்குமாடி வீட்டுக்கு முன்பணம் கட்ட முடிந்தது. யார் முதலாளியாக இருந்தாலும் காலிசெய்யச் சொல்லும் கடிதம் ஒரே மாதிரிதான் இருக்கும் என்று அப்பா சொல்வார்.

வியாழக்கிழமை இரவே ஈஸ்ட்ஹாமிலிருந்து ரயிலேறினோம். புளிச்சோறும் அவித்த முட்டையும் தங்கச்சி கட்டிக் கொடுத்திருந்தாள். பிளாஸ்கில் தேத்தண்ணி. அம்மா பட்டுச்சேலைக்கு மேல் கம்பளிச் சட்டை, அதற்கு மேல் தங்கச்சியின் குளிர் அங்கி, தலையில் மஃப்ளர். பக்கிங்ஹாம் அரண்மனைக்குப் போகும் 'தி மால்' சாலையில் தடுப்புக் கம்பிகளை ஒட்டி ஜனங்கள் முன்பே கூடாரம் போட்டிருந்தார்கள். கொடி போர்த்திக்கொண்டு படுத்திருந்தவர்கள், பாடியவர்கள், அட்டையில் செய்த கிரீடம் மாட்டிய கிழவிகள். தைப்பூசத்துக்கு முதல் நாள் பத்துமலை போல இருக்கிறது என்று அண்ணன் சொன்னான்.

எங்களுக்கு மூன்றாவது வரிசையில் இடம் கிடைத்தது. முன்னால் மடக்கு நாற்காலியில் இருந்த ஒரு வெள்ளைக்காரப் பாட்டி, அம்மாவின் சேலைக் கரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தன் பக்கத்தில் இருந்த பெட்டியை நகர்த்தி இடம் விட்டார். அம்மா அவருக்கு ஒரு முட்டையைக் கொடுத்தார். இருவருக்கும் பொதுமொழி இல்லை. ஆனாலும் அந்தப் பாட்டி 1981இல் செயின்ட் பால் தேவாலயப் பக்கம் நின்றவர் என்பதையும், 1997இல் பூவோடு வந்தவர் என்பதையும் அம்மா என்னைக் கேட்காமலேயே தெரிந்துகொண்டார்.

நள்ளிரவுக்குப் பிறகு குளிர் எலும்பைக் குடைந்தது. அண்ணியும் அண்ணனும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிவிட்டார்கள். நான் மறுபடியும் ஆரம்பித்தேன். இப்போது கோபத்தோடு இல்லை. "ஏம்மா, உண்மையச் சொல்லுங்க. என்னத்துக்கு இதெல்லாம்? அந்த சன்னலுக்காகவா?"

"சன்னலா?" அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு சிரித்தார். "அதப் போயி யாரு ஞாபகம் வச்சிருப்பா."

கொஞ்ச நேரம் தேத்தண்ணியை ஊதிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பையன் பொட்டிக்குப் பின்னால தலையக் குனிஞ்சிக்கிட்டே நடந்தான், ஞாபகம் இருக்கா? நீயும்தான் பாத்த."

இருந்தது. 1997 செப்டம்பர் 6. அப்போது எங்கள் வீட்டிலேயே தொலைக்காட்சி இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்களெல்லாம் வந்து உட்கார்ந்து எங்கோ செத்துப்போன ஒரு வெள்ளைக்காரிக்காக மூக்கைச் சிந்தி அழுதார்கள்.

"அவனுக்கு அப்ப பதினஞ்சு வயசு. எங்கம்மா போனப்ப எனக்கும் பதினஞ்சுதான்" என்றார் அம்மா. "என் கல்யாணத்துக்கு எங்கம்மா வழி ஆளுங்க ஒருத்தரும் வரல. பஸ் காசு இல்லயோ, லீவு கெடைக்கலயோ, தெரியல. தாலி கட்டி முடிச்சித் திரும்பிப் பாத்தா பொண்ணு பக்கம் பாய் காலியா கெடக்கு. தாயில்லாப் புள்ள கல்யாணத்துக்கு நாலு பேரு கூட வந்து நிக்கணும்யா. அவன் ராஜாவா இருந்தா என்ன?"

நான் எதுவும் பேசவில்லை. என்னிடம் சயாம் ரயில் இருந்தது, கத்ரி இருந்தது, படித்த புத்தகங்கள் எல்லாம் இருந்தன. அவை ஒன்றும் பொய்யில்லை. ஆனால், கும்பிடப் போகிறார் என்று நினைத்து நான் சண்டை போட்டது கல்யாணத்துக்குப் போகிற ஒருவரிடம். கும்பிடுகிறவர் அண்ணாந்து பார்ப்பார். கல்யாணத்துக்குப் போகிறவருக்கு அந்த வீட்டில் ஒரு பாய் உண்டு. அம்மா தன் பாயைத் தானே கொண்டுவந்திருந்தார்.

விடிந்தது. மேகமூட்டம்தான், மழை இல்லை. பதினோரு மணிக்குச் சற்று முன் மணப்பெண்ணின் கார் எங்களைக் கடந்து போனது. வெள்ளையாக ஒரு முக்காடும் கையசைப்பும் தெரிந்தன. அதற்குப் பிறகு வெஸ்ட்மின்ஸ்டர் ஆபேயில் நடந்தது எதையும் நாங்கள் பார்க்கவில்லை. ஒலிபெருக்கியில் குரல் மட்டும் வந்தது. கத்தரின் தன் சம்மதத்தைச் சொன்னபோது சாலை முழுக்க ஆரவாரம். அன்று பெட்டி போனதும் அந்த ஆபேக்குத்தான் என்று அம்மாவிடம் சொன்னேன். "தெரியும்" என்றார். "அந்த மோதிரம் அவங்க அம்மா மோதிரம். அத அவன் பொண்ணுக்குப் போட்டுட்டான். அப்ப அவளும் வந்துட்டான்னுதான் அர்த்தம்." டயானாவின் நீலக்கல் மோதிரத்தை நிச்சயத்துக்குக் கொடுத்த செய்தியை அண்ணி படித்துக் காட்டியிருந்தாள்.

திரும்பி வரும்போது திறந்த குதிரை வண்டியில் வந்தார்கள். 1902இல் ஏழாம் எட்வர்டுக்காகச் செய்த வண்டி அது. எங்களுக்கு எதிரே கடக்க அரை நிமிடம் ஆகியிருக்காது. அம்மா கையசைக்கவில்லை. தோட்டத்துக் கல்யாணங்களில் செய்வதுபோல இரண்டு கையையும் தூக்கி, விரல்களை நெற்றிப்பொட்டில் மடக்கி நெட்டி முறித்தார். பக்கத்துப் பாட்டி அதைப் பார்த்துத் தானும் செய்துபார்த்தார்.

உப்பரிகை முத்தமும், தலைக்குமேல் பறந்த பழைய போர் விமானங்களும் எல்லாரும் தொலைக்காட்சியில் பார்த்தவைதான். எங்களைவிட நன்றாகவே பார்த்திருப்பீர்கள்.

அன்று சாயங்காலம் ஈஸ்ட்ஹாமில் அம்மா கைப்பையிலிருந்து ஓர் உறையை எடுத்தார். நான்கு மூலையிலும் மஞ்சள். உள்ளே ஐம்பது வெள்ளி நோட்டு ஒன்று, ஒரு வெள்ளி நோட்டு ஒன்று. மொய். கல்யாண வீட்டார் பரிசு வேண்டாம், தருமத்துக்குக் கொடுங்கள் என்று ஒரு நிதி வைத்திருக்கிறார்கள், அதற்கு இணையத்தில் அனுப்பலாம் என்றாள் தங்கச்சி. "கம்ப்யூட்டர்ல மொய் வைப்பாங்களா?" என்று அம்மா மறுத்துவிட்டார். அந்த நோட்டுகளை அப்போதுதான் கவனித்துப் பார்த்தேன். இரண்டிலும் துவாங்கு அப்துல் ரஹ்மான் முகம். நாட்டின் முதல் மாமன்னர், அதற்கு முன் எங்கள் நெகிரி செம்பிலானின் ஆட்சியாளர். ஸ்ரீ மெனாந்தி அரண்மனை எங்கள் தோட்டத்திலிருந்து அப்படியொன்றும் தூரமில்லை. அதே 1902இல் கட்டத் தொடங்கிய மர அரண்மனை. ஆணியே அடிக்காமல் 99 தூண்களில் நிற்கிறது. அம்மா அதைப் பார்த்ததில்லை. நானும் அதுவரை பார்த்ததில்லை.

மறுநாள் லண்டன் முருகன் கோவில் உண்டியலில் அந்த உறையைப் போட்டார். "அவங்க பேருல" என்றார்.

அம்மாவிடம் ஒரு மொய் நோட்டு இருக்கிறது. நீலக்கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு. முதல் பக்கங்களில் அவர் கல்யாணத்துக்கு வந்தது. அடுத்த பக்கங்களில் அவர் மற்ற வீடுகளுக்கு வைத்தது. ஊருக்குத் திரும்பிய வாரம் அதில் ஒரு வரி ஏறியது: '29.4.2011 – டயானா மகன் – 51.' மேலே, அடுத்த லயத்து மாரியாயி மகள் – 30. கீழே, சிலியாவ் அத்தை பேரன் – 50.

மொய் என்பது திரும்ப வேண்டிய கடன். அண்ணன் அதைச் சொல்லி அம்மாவைக் கேலி செய்துகொண்டே இருந்தான். 2012 செப்டம்பரில் வில்லியமும் கத்தரினும் கோலாலம்பூர் வந்தார்கள். மரணப் படுக்கையில் இருப்பவர்களைப் பராமரிக்கும் ஹோஸ்பிஸ் மலேசியாவில் கத்தரின் பேசியதைச் செய்தியில் காட்டினார்கள்.

"பாத்தியா, மொய் திருப்ப வந்திருக்காங்க" என்றார் அம்மா.

ஒரு மணி நேர தூரம்தான், காடியில் கூட்டிப்போகிறேன், போய்ப் பார்ப்போமா என்று கேட்டேன். இந்த முறை நான்தான் கேட்டேன்.

"வேணாம்யா. கல்யாணத்துக்குப் போயாச்சில்ல" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார்.