பாச்சலூர் ஏற்றத்துச் சத்தம்

ஒட்டன்சத்திரம், தாராபுரம் சாலை. காய்கறி மார்க்கெட்டுக்கு இன்று விடுமுறை. அதனால் பட்டறைக்கு வேலை நாள். முருங்கை ஏற்றும் வண்டி, காலித் தக்காளிப் பெட்டிகளை இன்னும் இறக்காத வண்டி, ஆயில் மாற்ற வந்த வண்டி என்று வாசலை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. வேப்பமரத்தடியில் ஒரு பிக்கப் மட்டும் பேனட்டைத் திறந்துபோட்டு, இன்ஜின் ஓட நிற்கிறது. சுற்றிலும் ஐந்தாறு பேர்.

“சக்... சக்... சக்...” வண்டிக்காரர் வாயாலேயே வாசித்துக் காட்டுகிறார். இன்ஜின் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருப்பது அவருக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது. “காலையில செல்ஃப் அடிச்சதும் நல்லாக் கேக்கும்ண்ணே. சூடு ஏறுனா அடங்கிரும். வடகாடு தாண்டி பாச்சலூர் மேடு ஏறுறப்ப, லோடு இருந்தா மறுபடி ஆரம்பிச்சிரும். இறக்கத்துல ஒண்ணும் இல்ல.”

இதைச் சொல்லிய வேகத்தில் அடுத்ததற்குப் போய்விடுகிறார். மனதில் இருப்பது அதுதான். “வேற ஒரு பட்டறையில பிக் எண்ட் பேரிங் போச்சு, இன்ஜினை இறக்கணும்னுட்டாங்கண்ணே.”

இறக்கினால் வண்டி எத்தனை நாள் நிற்கும் என்று சொல்ல முடியாது. மாதத் தவணை நிற்காது. அவர் பேனட்டின் விளிம்பைப் பிடித்திருக்கும் பிடியில் அந்தக் கணக்கெல்லாம் இருக்கிறது.

சுற்றி நிற்பவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். தக்காளி வண்டி டிரைவருக்கு அது ‘டொக் டொக்’. அவர் வண்டியில் போன வருஷம் பேரிங் போனதாம், ஆகவே இதுவும் பேரிங்தான். வண்டிக்காரரின் மச்சானுக்கு ‘டிக்கு டிக்கு’, அதாவது வால்வு டேப்பெட். இன்னொரு இளைஞன் செல்போனை இன்ஜினுக்கு மேல் நீட்டிப் பதிவு செய்து, அதைப் பக்கத்தில் நிற்பவருக்குப் போட்டுக் காட்டுகிறான். நேரில் ஓடும் இன்ஜினை விட்டுவிட்டு இரண்டு பேர் செல்போனில் காதை வைக்கிறார்கள்.

மேஸ்திரி எதற்கும் பதில் சொல்லவில்லை. அறுபது வயதிருக்கும். பொத்தான் இல்லாத காக்கிச் சட்டை. வந்தவர் முதலில் செய்தது, சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தியது. கூடி நின்றவர்களுக்குச் சற்று ஏமாற்றம். பிறகு கொட்டகைக்குள் பாடிக்கொண்டிருந்த ரேடியோவை நிறுத்தும்படி பையனுக்குக் கையைக் காட்டினார்.

ஆயில் கேஜை உருவி, நுனியில் ஒட்டியிருந்ததைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்து, வெயிலில் நீட்டிப் பார்க்கிறார். பேரிங் தேய்ந்து உதிர்ந்திருந்தால் அந்தக் கறுப்பில் ஏதாவது மினுக்கும். மினுக்கவில்லை. ‘பேரிங் இல்லை’ என்று அவர் சொல்லிவிடவும் இல்லை. விரலை வேப்பமரத்தில் துடைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

“போடு. கிளட்ச்ச மிதி. விடு. மறுபடி மிதி.”

சத்தத்தில் மாற்றமில்லை. கியர்பாக்ஸ் பக்கம் கழிந்தது. நிறுத்தச் சொல்லி, பெல்ட்டைக் கழற்றிவிட்டு வண்டியைத் திரும்பப் போடச் சொன்னார். “ஒரு நிமிஷந்தான், பாத்துக்க.” பெல்ட் இல்லையென்றால் வாட்டர் பம்ப்பும் சுற்றாது, இன்ஜின் கொதித்துவிடும். அந்த ஒரு நிமிஷத்திலும் அதே சக் சக். டைனமோ, பம்ப், பெல்ட்டைத் தாங்கும் உருளை எல்லாம் ஒரேயடியாகக் கழிந்தன. எது என்று தேடாமல் எது இல்லை என்று தள்ளிக்கொண்டே வருகிறார். பார்ப்பவர்களுக்கு இது வேலையாகவே தெரியவில்லை. இரண்டு பேர் டீ குடிக்கக் கிளம்பிவிட்டார்கள்.

டேப்பெட் என்ற மச்சானையும் லேசில் தள்ள முடியாது. நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்றும். நிமிஷத்துக்கு 800 சுற்றில் வண்டி சும்மா ஓடும்போது ஒரு வால்வு 400 முறை தட்டும். ஒரு சிலிண்டர் வெடிப்பதும் அதே 400 முறைதான். தாளத்தை மட்டும் வைத்துக்கொண்டு தட்டுவது வால்வா, வேறொன்றா என்று எந்தக் காதாலும் பிரிக்க முடியாது. இடத்தைத்தான் பிடிக்க வேண்டும்.

நீளத் திருப்புளி ஒன்று வந்தது. அதன் கைப்பிடியைக் காதுக்கு முன்னால் இருக்கும் எலும்பில் வைத்து அழுத்தி, முனையை டேப்பெட் கவரில் ஊன்றுகிறார். பிறகு பிளாக்கில். பிறகு குனிந்து சம்ப்பில். கண் எதிர்ச்சுவரில் கட்டியிருந்த காதணி விழா ஃபிளெக்ஸ் மீது இருக்கிறது. ஒரு எழுத்தும் படித்திருக்க மாட்டார். கீழே போகப் போக முகத்தில் ஒன்றுமில்லை. மேலே வந்து, முன்னாலிருந்து இரண்டாவது இன்ஜெக்டர் பக்கம் திருப்புளி நின்றது. நகரவில்லை.

பழைய பம்ப் இன்ஜினாக இருந்தால் ஓட ஓடவே டீசல் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்த்திருப்பார். காமன் ரெயிலில் அது நடக்காது. பைப்புக்குள் 1,000 பாருக்கு மேல் அழுத்தம் ஏறும். பீய்ச்சினால் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். அதனால் நிறுத்து, ஒரு இன்ஜெக்டரின் ஒயர் சாக்கெட்டைக் கழற்று, போடு, கேள், நிறுத்து, மாட்டு. முதலாவதில் வண்டி உதறியது, சத்தம் அப்படியே. இரண்டாவதைக் கழற்றியபோது சத்தம் பாதிக்குமேல் அடங்கிவிட்டது.

“பாத்தீங்களா! அந்த சிலிண்டர் பேரிங்குதான்!” தக்காளி வண்டி டிரைவர் தொடையில் தட்டுகிறார்.

அவரைக் குறை சொல்வதற்கில்லை. வெடிப்பின் அடி நின்றால் தேய்ந்த பேரிங்கும் இப்படித்தான் அடங்கும். ஒரே சோதனை இரண்டு பக்கத்துக்கும் சாட்சி சொல்கிறது. வண்டிக்காரர் மரத்தடிக் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

“டேய், ஷாம்பூ வாங்கிட்டு வா. ஒண்ணு போதும்.”

பையன் பெட்டிக்கடைக்கு ஓடினான். பாட்டில் தண்ணீரில் பாக்கெட்டைப் பிழிந்து குலுக்கி, இரண்டாவது இன்ஜெக்டரின் அடியைச் சுற்றி மேஸ்திரி மெல்ல ஊற்றினார். சாக்கெட்டை மாட்டி வண்டியைப் போட்டதும், குழிக்குள்ளிருந்து நுரை எழும்பி உடைகிறது. சக்குக்கு ஒரு குமிழ். உடைந்த இடத்தில் தார் போலக் கறுப்பு கரைந்து வருகிறது.

இன்ஜெக்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே ஒரு செம்பு வாசர் உட்கார்ந்திருக்கும். அது சரியாக உட்காரவில்லை. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது இடைவெளி வழியே உள்ளிருக்கும் வாயு கசிகிறது. சூடேறினால் உலோகம் விரிந்து அடைத்துக்கொள்கிறது. லோடோடு மேடேறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் 100 பாரைத் தாண்ட, மறுபடி பிய்த்துக்கொண்டு வெளியே வருகிறது. இறக்கத்தில் ஆக்சிலேட்டரில் கால் இல்லை, டீசல் இல்லை, வெடிப்பு இல்லை. வண்டிக்காரர் வந்தவுடன் சொன்னது முழுக்க இதுதான். கேட்டது ஒருவர்தான் போல.

கழற்றுவதற்கே மதியம் ஆகிவிட்டது. கரி இறுகி இன்ஜெக்டரைப் பிடித்துக்கொண்டிருந்தது. துரு எண்ணெய் விட்டு, காத்திருந்து, அசைத்து, மறுபடி விட்டு, கடைசியில் சுத்தி மாட்டிய புல்லரால் தட்டித் தட்டி இழுத்தார்கள். வந்த வாசரில் ஒரு பக்கம் அரித்துப்போயிருக்கிறது.

“இது பழைய வாசரு. இதுக்கு முன்ன எப்பக் கழட்டுனீங்க?”

வண்டிக்காரர் யோசிக்கிறார். “பொகை அதிகமா வருதுன்னு தீபாவளிக்கு முன்ன நாலையும் கழட்டி டெஸ்ட்டுக்குக் குடுத்தோம்ண்ணே. வெளியூர்ல.”

மேஸ்திரி தலையை ஆட்டிக்கொண்டார். செம்பு ஒருமுறை நசுங்கி உட்கார்ந்தால் அந்த ஒருமுறைதான். உள்ளே துகள் விழாதபடி ஓட்டையை அடைத்து, கட்டரில் கிரீஸ் தடவி, உட்காரும் இடத்தைக் கையாலேயே சுழற்றிச் சுழற்றிச் சுரண்டினார். டார்ச் அடித்துப் பார்த்தார், மறுபடி சுரண்டினார். இதற்கு மட்டும் முக்கால் மணி நேரம் போயிருக்கும். புது வாசர், டார்க் ரெஞ்ச்சில் ஒரு ‘கிளிக்’. முடிந்தது.

வண்டி போட்டார்கள். சக் இல்லை. வண்டிக்காரர் ஏறி உட்கார்ந்து ரேஸ் கொடுத்துக் கொடுத்துக் கேட்டார். இறங்கி வந்தபோது ஆளே மாறியிருந்தார். டீ சொன்னார், தக்காளி வண்டி டிரைவருக்கும் சேர்த்து.

டீ முடிந்து கூலியைக் கேட்டதும் முகம் மறுபடி மாறியது.

“ஒரு வாசர் மாத்துனதுக்காண்ணே?”

வாசரின் விலை ஒரு பார்சல் சாப்பாட்டு விலைகூட இல்லைதான். காலையில் இன்ஜினையே இறக்கத் துணிந்து வந்தவர் இப்போது இருநூறு குறைக்கச் சொல்லி நிற்கிறார். மேஸ்திரி நூறு குறைத்தார். பேரம் பேசத் தெரியாதவர் என்று சொல்ல முடியாது. வேறொன்று சொல்ல வேண்டியிருந்தது.

“மத்த மூணும் அதே கை போட்டதுதான்யா. வண்டிய விட்டுட்டுப் போனா நாளைக்குச் சாயங்காலம் தந்துருவேன்.”

வண்டிக்காரர் மச்சானைப் பார்த்தார். மச்சான் செல்போனில் மணி பார்த்தான்.

“நாளைக்கு மார்க்கெட்டுண்ணே. மலையிலருந்து லோடு இருக்கு. அப்புறம் பாத்துக்கலாம்.”

“சரி” என்றார் மேஸ்திரி. பையன் அடுத்த வண்டியின் பேனட்டைத் தூக்கிக்கொண்டிருந்தான்.