ஐந்தாவது பாடம்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவரும் பருவத்தில் சிபிஎஸ்இ பள்ளிகள் மாணவர்களிடம் ஒரு படிவத்தைக் கொடுக்கின்றன. பதினொன்றாம் வகுப்பில் படிக்க விரும்பும் ஐந்து பாடங்களை அதில் எழுத வேண்டும். ஒன்று கட்டாய மொழிப்பாடம். அது ஆங்கிலமாகவோ இந்தியாகவோ இருக்கும். எஞ்சிய நான்கும் விருப்பப் பாடங்கள். வேண்டுவோர் ஆறாவதாக ஒரு கூடுதல் பாடத்தையும் எடுத்துக்கொள்ளலாம். படிவத்தை நிரப்பப் பத்து நிமிடம் போதும். ஆனால் அதில் எழுதப்படுவது இரண்டு ஆண்டுகளுக்குப் பொருந்தும். பதினொன்றும் பன்னிரண்டும் சேர்ந்த ஒரே படிப்பாகவே வாரியம் அவற்றைக் கருதுகிறது. இடையில் மாறுவது எளிதன்று. அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர் தம் இறுதியாண்டுப் பாடங்களை அந்த ஆண்டின் வாசலில் நின்று தேர்ந்தெடுக்கலாம். இந்திய மாணவருக்கு அந்த முடிவு பதினைந்து வயதிலேயே வந்துவிடுகிறது.

சிலருக்கு இன்னும் முன்னதாக. 2020ஆம் ஆண்டுப் பொதுத்தேர்விலிருந்து பத்தாம் வகுப்புக் கணிதத்தை ‘தரநிலை’, ‘அடிப்படை’ என்று சிபிஎஸ்இ இரண்டாகப் பிரித்தது. மேல்வகுப்பில் கணிதத்தைத் தொடர எண்ணுவோர்க்கு முன்னது, தொடராதவர்க்குப் பின்னது என்பது ஏற்பாடு. பிற்பாடு தளர்வுகள் வந்தன. எனினும், கணிதத்தோடு தன் உறவு என்னவென்று ஒரு குழந்தை பதினான்கு வயதில் சொல்ல வேண்டும் என்பதே இதன் உட்பொருள்.

இந்தத் தேர்வைப் பெரும்பாலான வீடுகளில் பின்னிருந்து முன்னாகவே செய்கிறார்கள். முதலில் கல்லூரி, பிறகு அங்குச் சேர்வதற்கான விதி, கடைசியாகப் பாடம். எது பிடிக்கிறது என்ற கேள்வி எழுந்தாலும் அது மரியாதைக்காகக் கேட்கப்படுவதாகவே இருக்கும். இதற்காகப் பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பின்னிருந்து வாசிப்பதற்கு விதி நிலையாக இருக்க வேண்டும். தில்லிப் பல்கலைக்கழகத்தின் அண்மைக்கால வரலாறு அப்படி இல்லை.

2021 வரை அங்குப் பெரும்பாலான இளநிலைப் படிப்புகளில் சேர்க்கை பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணின் அடிப்படையில் நடந்தது. கல்லூரிகள் கட்-ஆஃப் அறிவிக்கும். அதை எட்டியவர் சேரலாம். மொழியையும் வேறு மூன்று பாடங்களையும் சேர்த்து ‘சிறந்த நான்கு’ கணக்கிடப்படும். பல்கலைக்கழகத்தின் பட்டியலில் இல்லாத பாடத்தை அந்த நான்கில் சேர்த்தால் குறிப்பிட்ட விழுக்காடு கழிக்கப்படும். 2021இல் இந்துக் கல்லூரியின் அரசியல் அறிவியலுக்கும் ஸ்ரீராம் வணிகவியல் கல்லூரியின் வணிகவியலுக்கும் முதற்பட்டியல் கட்-ஆஃப் 100 விழுக்காடாக இருந்தது. அந்தக் காலத்து அறிவுரை ஒன்றே ஒன்றுதான்: மதிப்பெண் அள்ளித்தரும் பாடத்தை எடு.

2022 மார்ச்சில் மத்தியப் பல்கலைக்கழகங்கள் அனைத்துக்கும் பொது நுழைவுத் தேர்வு (க்யூட்) என்ற அறிவிப்பு வந்தது. அவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தவர்கள் தம் பாடங்களைத் தேர்ந்தெடுத்தது 2020இல். மதிப்பெண் குவிப்பதற்கென்று அவர்கள் எடுத்த பாடங்களுக்கு ஒரே அறிவிப்பில் பொருள் மாறியது. வாரியத்தின் இரண்டாம் பருவத் தேர்வு ஏப்ரல் இறுதியில் தொடங்கவிருந்த நேரம் அது.

அடுத்து வந்தவர்கள் புதிய விதியைக் கற்றுக்கொண்டார்கள். க்யூட் பாடப்பட்டியலில் எது இருக்கிறதோ அதை எடுத்தார்கள். 2023இல் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்து சட்டக் கல்வியை ஒரு பாடமாக எடுத்தவர்களுக்கு அது பட்டியலில் இருக்கும் பாடமே. 2024 டிசம்பரில் பட்டியல் சுருக்கப்பட்டது. 63 தாள்கள் 37 ஆயின: 13 மொழிகள், 23 துறைப்பாடங்கள், ஒரு பொதுத் திறனறித் தாள். சட்டக் கல்வி, தொழில்முனைவு, சுற்றுலா, பொறியியல் வரைகலை உள்ளிட்ட ஆறு பாடங்கள் நீங்கின. அவற்றைப் படித்தவர்கள் பொதுத் திறனறித் தாளின் வழியாகச் சேரலாம் என்றார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் என்ன படித்திருந்தாலும் எந்தத் தாளையும் எழுதலாம் என்ற தளர்வும் உடன் வந்தது. ஆனால் தில்லிப் பல்கலைக்கழகம் பன்னிரண்டாம் வகுப்பில் படித்த பாடங்களிலேயே தேர்வெழுத வேண்டும் என்ற தன் விதியை வைத்திருக்கிறது. தேர்வு திறந்த வாசலைப் பல்கலைக்கழகம் தன் பக்கத்திலிருந்து பாதி மூடி வைத்திருக்கிறது என்பதைப் பதினைந்து வயது மாணவர் எப்படி அறிவார்?

கிழக்குத் தில்லியில் ஒரு தமிழ்க் குடும்பம். தந்தை மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். மகள் பத்தாம் வகுப்பு முடித்திருந்தாள். ஆங்கிலம், பொருளியல், அரசியல் அறிவியல், வரலாறு ஆகிய நான்கிலும் வீட்டில் கருத்து வேற்றுமை இல்லை. ஐந்தாவது பாடத்தில்தான் பேச்சு நின்றது. அவள் தமிழ் என்றாள். தந்தை கணிதம் என்றார்.

“தமிழ் நாமதான் வீட்லயே பேசறோமேம்மா, அதுக்கு எதுக்கு ஒரு பரீட்சை?” என்பது அவருடைய கேள்வி.

“நான் பேசறதுப்பா. படிக்கத் தெரியணும்ல?” என்பது அவளுடைய பதில்.

கல்லூரியில் வணிகவியல் படித்துக்கொண்டிருந்த பெரியப்பா மகள் நடுவரானாள். தமிழ் எடுத்தால் க்யூட்டில் வீணாகும், எல்லாரும் ஆங்கிலம்தான் எழுதுவார்கள் என்பது அவள் தீர்ப்பு.

மூவரும் சொன்னதில் தனித்தனியே உண்மை இருந்தது, தவறும் இருந்தது. பெரியப்பா மகளின் தீர்ப்பு விதியை வாசிக்காமல் வழக்கத்தை வாசித்தது. க்யூட்டின் 13 மொழிகளில் தமிழும் ஒன்று. தில்லிப் பல்கலைக்கழகத்தில் வரலாறு, அரசியல் அறிவியல், பொருளியல் போன்ற பெரும்பாலான ஆனர்ஸ் படிப்புகளுக்கு ‘பட்டியலில் உள்ள ஏதேனும் ஒரு மொழி’ என்றே கேட்கிறார்கள். அங்கே தமிழ்த் தாளின் மதிப்பெண்ணுக்கும் ஆங்கிலத் தாளின் மதிப்பெண்ணுக்கும் எடை ஒன்றே. ஆங்கில இலக்கியம் போன்ற படிப்புகளுக்கு மட்டுமே குறிப்பிட்ட மொழி தேவைப்படுகிறது.

தந்தையின் கணிதம் அப்படிப்பட்ட பிழையன்று. பொருளியல் ஆனர்ஸ் படிக்கக் கணிதத் தாள் கட்டாயம். வரலாற்றுக்கோ அரசியல் அறிவியலுக்கோ அத்தகைய தனிக் கட்டாயம் இல்லை. துறைப்பாடங்களில் எவையேனும் மூன்று போதும். கணிதம் படித்தவர் வரலாற்றுக்குப் போகலாம். கணிதம் படிக்காதவர் பொருளியலுக்குத் திரும்புவது மிகக் கடினம். எல்லாப் பாடங்களும் சமமான கதவுகள் அல்ல. சில கதவுகள் ஒருபக்கம் மட்டுமே திறக்கின்றன. மகள் பொருளியலைக் கைவிடவில்லை என்பதால் தந்தையின் கவலை நியாயமானது. இதே வகையான ஒருவழிக் கதவாக இருந்த உயிரியலுக்கு 2023 நவம்பரில் விடிவு கிடைத்தது. பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படிக்காதவர் பிற்பாடு அதைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறினால் நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தது. மனம் வைத்தால் ஒருவழிக் கதவுகளையும் திறக்க முடியும் என்பதற்கு அது சான்று.

ஆயினும் அந்த வீட்டில் நடந்த பேச்சில் மிக ஆழமான சொல் மகளுடையதுதான். தமிழில் பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையே உள்ள தொலைவு பெரிது. வினைமுற்று மாறும், வேற்றுமை உருபு மாறும், அன்றாடச் சொற்களே வேறாகும். சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் எழுதிய கட்டுரையின் வழியே மொழியியலில் பரவலாக அறியப்பட்ட இரட்டை வழக்கு நிலை இது. இந்நிலையில் பேச்சு வழக்கை வீடு தரும். எழுத்து வழக்கைப் பள்ளி தந்தால்தான் உண்டு. தமிழ்நாட்டில் வளரும் பிள்ளைக்குக் கடைப்பலகையும் செய்தித்தாளும் பேருந்தின் பெயர்ப்பலகையும் கேட்காமலே ஆசிரியர்களாகின்றன. தில்லியில் வளரும் பிள்ளைக்கு அந்த ஆசிரியர்கள் இல்லை. பத்தாம் வகுப்போடு தமிழை விடுபவள் தமிழைப் பேசிக்கொண்டே இருப்பாள். ஆனால் ஒரு நாவலையோ தலையங்கத்தையோ தடங்கலின்றி வாசிக்கும் நிலைக்கு வருமுன்பே அவள் வாசிப்பு நின்றுபோகும். அவளுடைய குழந்தைகளுக்கு எழுத்துகள் வெறும் வடிவங்களாக இருக்கும். “வீட்லயே பேசறோமே” என்ற அன்பான சொல்லில் ஒரு தலைமுறையின் வாசிப்பு முடிந்துபோகலாம்.

நுழைவுத் தேர்வில் பயன்படும் என்பதற்காகத் தமிழைப் பரிந்துரைப்பதிலும் சிக்கல் உண்டு. க்யூட்டின் மொழித் தாள் முதன்மையாக வாசித்துப் பொருள்கொள்ளும் திறனையும் சொல்வளத்தையும் சோதிப்பது. 50 வினாக்கள், 60 நிமிடம்; சரியான விடைக்கு 5 மதிப்பெண், தவறுக்கு 1 குறையும். வகுப்பறையில் ஒரு செய்யுளின் முன் அரைமணி நேரம் தயங்கி நின்றதற்கு அங்கே இடமில்லை. தேர்வின் அளவுகோலால் தமிழைக் காப்பாற்றினால், அளவுகோல் மாறும் நாளில் தமிழும் போய்விடும். சட்டக் கல்விக்கு நேர்ந்தது அதுதான்.

முடிவில் கணிதம் ஐந்தாவது பாடமாயிற்று. தமிழ் ஆறாவதாயிற்று. ஆறாவது பாடம் என்றால் கூடுதலாக ஒரு பொதுத்தேர்வு என்பது அவளுக்குத் தெரியும். உடற்கல்வியை எடுத்தால் மதிப்பெண் எளிதாக வரும் என்று தோழிகள் சொன்னதும் தெரியும். அவள் பள்ளியில் மேல்நிலைத் தமிழுக்கு அந்த ஆண்டு மிகச் சிலரே பெயர் கொடுத்தார்கள். அவள் விலகியிருந்தால் வகுப்பு நடப்பதே ஐயமாகியிருக்கும். ஒரு மாணவியின் பாடத்தேர்வு பிறருடைய பாடத்தேர்வையும் தாங்கி நிற்கிறது என்பதைப் படிவம் எங்கும் சொல்வதில்லை. போதிய எண்ணிக்கை இல்லையென்றால் பிரிவு இல்லை. பிரிவு இல்லையென்றால் ஆசிரியர் பணியிடம் இல்லை. அதன்பின் வருவோர்க்கு அந்தப் பாடம் பட்டியலிலேயே இருக்காது. அறிவியல் பிரிவே இல்லாத அரசுப் பள்ளிகள் தலைநகரிலேயே உண்டு. அங்குப் படிக்கும் பிள்ளைகளுக்குத் ‘தேர்வு’ என்ற சொல் பரீட்சையை மட்டுமே குறிக்கிறது.

2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை கலைக்கும் அறிவியலுக்கும் இடையே இறுக்கமான பிரிவு கூடாது என்கிறது. நல்ல சொல். ஆனால் ஒரு மாணவர் இயற்பியலோடு வரலாற்றைப் படிக்க, இரண்டு ஆசிரியர்களும் ஒன்றோடொன்று மோதாத கால அட்டவணையும் ஒரே பள்ளியில் வேண்டும். கொள்கை பேசும் சுதந்திரத்தின் விலையைப் பள்ளிதான் கொடுக்க வேண்டியிருக்கிறது. கொடுக்க முடியாத பள்ளியில் சுதந்திரம் படிவத்தோடு நின்றுவிடுகிறது.

ஆகவே படிவத்தின் முன் அமர்ந்திருக்கும் பிள்ளைக்குச் சொல்லத்தக்கவை சிலவே. செவிவழிச் செய்தியை விட்டு, விரும்பும் இரண்டு மூன்று படிப்புகளின் சேர்க்கை விதிகளை அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் ஏட்டிலேயே வாசிக்க வேண்டும். பிற்பாடு திரும்ப முடியாத பாடத்தை, வெறுப்பு இல்லாத பட்சத்தில், கைவிடாமல் வைத்துக்கொள்ளலாம். எஞ்சிய இடத்தை, எந்த விதி மாறினாலும் படித்ததற்காக வருந்த வேண்டியிராத ஒரு பாடத்துக்குக் கொடுக்கலாம்.

பல்கலைக்கழகங்களுக்குச் சொல்லத்தக்கது இன்னும் சுருக்கமானது. சேர்க்கை விதிகள் மாறலாம், மாறத்தான் வேண்டும். ஆனால் ஒரு மாணவர் பதினொன்றாம் வகுப்பில் சேரும் நாளில் எந்த விதி நடப்பில் இருந்ததோ, அந்த விதியின்படியே அவர் கல்லூரிக்குள் வர உரிமை வேண்டும். மாற்றத்தை இரண்டு ஆண்டு முன்னதாக அறிவிப்பதற்குப் பெரும் செலவு இல்லை. பதினைந்து வயதுப் பிள்ளையிடம் இரண்டு ஆண்டுக்கு மாற்றவியலாத முடிவைக் கேட்கும் அமைப்பு, அதே இரண்டு ஆண்டுக்குத் தன் சொல்லை மாற்றாமல் வைத்திருப்பதே முறை.