காற்றாலைகளின் தீவில் ஒரு நாள்

சுவீடனில் வசிக்கும் அக்காவிடம் ஒரு கோடை விடுமுறையில் போயிருந்தேன். அக்கா, அத்தான், பிள்ளைகள் இருவர், நான் என ஐந்து பேரும் ஸ்டொக்ஹோமிலிருந்து காரில் தெற்கே புறப்பட்டோம். சுமார் 400 கிலோமீற்றர் தூரத்தில், பால்டிக் கடலோரத்தில் இருக்கிறது கல்மார் என்னும் பழைய பட்டினம். அங்கே நீர் சூழ்ந்த கோட்டை ஒன்று உண்டு.

டென்மார்க், நோர்வே, சுவீடன் ஆகிய மூன்று நாடுகளையும் ஒரே முடியின் கீழ்க் கொண்டுவந்த கல்மார் ஒன்றியம் 1397இல் இந்நகரில்தான் உருவானது. முடிசூடியவர் எரிக் என்னும் இளைஞர். ஆனால் அதிகாரத்தைக் கையில் வைத்திருந்தவர் அவரை வளர்த்தெடுத்த அரசி மார்கரெட்டா. இத்தனை பெருமையுள்ள கோட்டை பிற்காலத்தில் தானியக் களஞ்சியமாகவும் சாராயம் வடிக்கும் இடமாகவும் சிறைச்சாலையாகவும் மாறியது. பெண் கைதிகளை அடைத்து வைத்த பகுதியையும் பார்த்தோம். அரசியின் பெயர் எல்லோருக்கும் தெரிகிறது. அந்தப் பெண்களின் பெயரைக் கேட்பார் இல்லை.

கல்மாரிலிருந்து ஓலண்ட் தீவுக்கு 1972இல் திறக்கப்பட்ட பாலம் போகிறது. அதன் நீளம் 6 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். மெலிந்து நீண்ட, சுண்ணாம்புக்கல் நிலம் கொண்ட தீவு அது. எங்கள் யாழ்ப்பாணத்து மண்ணை நினைவூட்டியது. 1569இல் அரசர் முழுத்தீவையும் தமது வேட்டைக் காடாக்கிக்கொண்டார். அரசரின் மான் பயிரை மேய்ந்தாலும் கமக்காரர் அதைக் கொல்ல முடியாது. 1801 வரை இந்த நிலைமை நீடித்தது.

தீவின் பெரிய கோட்டை பொர்க்ஹோல்மில் உள்ளது. 1806 ஒக்டோபரில் தீப்பிடித்துக் கூரை முழுவதும் எரிந்துபோனது. பிறகு அது திருத்திக் கட்டப்படவில்லை. நான்கு பக்கமும் வெறும் சுவர், மேலே வானம்.

"காசு குடுத்து ரிக்கெற் எடுத்து உடைஞ்ச சுவர் பாக்க வந்திருக்கிறம்" என்று அத்தான் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. சின்ன மகள் என்னிடம், "சித்தி, அம்மம்மாவின்ர வீட்டுக்கும் கூரை இல்லைத்தானே?" என்று கேட்டாள்.

1995இல் வலிகாமத்தை விட்டு நடந்தபோது எனக்கு ஏழு வயது, அக்காவுக்குப் பதினேழு. பின்னர் அக்கா திருமணமாகி வெளிநாடு போய்விட்டார். ஷெல் விழுந்த எங்கள் வீட்டை அவர் நேரில் பார்த்ததில்லை. ஒரு அறைக்கு மட்டும் தகரம் போட்டு அம்மா அங்கே இருக்கிறார். "காணியை வித்துப்போட்டு என்னோட வந்திருங்கோ" என்று அக்கா தொலைபேசியில் சொல்வதும், அம்மா பேச்சை மாற்றுவதும் வழக்கம். அரசனுடைய உடைந்த வீடு அப்படியே நின்றால் அது காட்சிப் பொருள். ஒரு குடும்பத்தின் வீடு அப்படி நின்றால் மழைக்கு ஒதுங்க இடமில்லை.

பிற்பகலில் லெர்காகா என்ற இடத்தில் வரிசையாக ஐந்து காற்றாலைகளைக் கண்டோம். ஒற்றைத் தூணின் மேல் நிற்கும் மரப்பெட்டி போன்றவை. பின்புறம் நீண்டிருக்கும் மரத்தைத் தள்ளி, முழு ஆலையையும் காற்று வரும் பக்கம் திருப்புவார்களாம். 19ஆம் நூற்றாண்டில் தீவில் ஏறத்தாழ 2000 ஆலைகள் இருந்தன. இன்று சுமார் 350 எஞ்சியுள்ளன. கமக்காரர் தங்கள் தானியத்தைத் தாங்களே அரைத்துக்கொள்ளக் கட்டியவை இவை. தீவின் தென்பகுதி விவசாய நிலங்களை 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்தது.

காற்றாலையின் வயிற்றுக்குள் இருப்பது இரண்டு கற்கள்தான். கீழ்க்கல் அசையாது, மேல்கல் சுழலும்.

"எங்கட திரிகை இப்பவும் இருக்கோ?" என்று அக்கா மெதுவாகக் கேட்டார்.

திரும்பிப் போனபோது இடிபாட்டுக்குள் கீழ்க்கல் மட்டும் கிடைத்ததையும், அம்மா புதிதாக மேல்கல் வாங்கிப் போட்டுக் குரக்கனும் உளுந்தும் அரைத்து விற்றதையும் சொன்னேன். நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் பஸ் காசும் கொப்பிக் காசும் அந்தக் கல்லிலிருந்தே வந்தன. அக்காவுக்கு இது தெரியாது. அம்மா சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. எங்கள் பெண்கள் தங்கள் உழைப்பை உழைப்பென்று சொல்லிக்கொள்வதில்லை. களப்பணியில் வீடு வீடாகப் போகும்போது, "நான் சும்மாதான் இருக்கிறன்" என்று மாவு படிந்த கையோடு சொல்பவர்களை எத்தனையோ தரம் கண்டிருக்கிறேன்.

அன்றிரவு தங்குமிடத்திலிருந்து அக்கா அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தார். காணி விற்கும் கதையை எடுக்கவில்லை.

"அம்மா, முழு வீட்டுக்கும் எத்தனை ஓடு வேணும்?" என்று கேட்டார்.